ஓ லெவல் மட்டும் கையில் இருந்தால்: வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பள்ளிச் சான்றிதழ் (பெரும்பாலும் சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவல்) இருக்கிறது, அதை நம்பி வேலை கேட்டால் கிடைப்பதில்லை. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: என் மகன் ஓ லெவல் முடித்துவிட்டான். ஐந்து பாடங்களில் தேர்ச்சி. மேலே படிக்க வேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்கிறான். கூட்டாளிகள் உணவு விநியோகத்தில் நல்ல காசு பார்க்கிறார்களாம். என் அண்ணன் அந்தக் காலத்தில் ஓ லெவலோடு கப்பல் பட்டறை அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவர். இப்போது மட்டும் ஏன் முடியாது? – ஒரு தாய், ஈசூன்

பதில்: உங்கள் அண்ணன் சேர்ந்த காலத்தில் ஓ லெவல் வைத்திருப்பவரே அலுவலகத்தில் படித்தவர். இன்று நிலைமை வேறு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் பட்டதாரிகள் 23.7 விழுக்காடு, 2020ல் 33 விழுக்காடு. இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. உங்கள் மகனின் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் பட்டயமோ (டிப்ளமா) நைட்டெக்கோ (தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் தொழிற்கல்விச் சான்றிதழ்) ஏதாவது ஒன்றை முடித்துவிட்டுத்தான் வேலைச் சந்தைக்கு வருகிறார்கள். ஒரு வேலைக்கு நூறு விண்ணப்பம் வந்தால், எல்லாவற்றையும் படித்துப் பார்க்க மனிதவளப் பிரிவுக்கு நேரம் இல்லை. "குறைந்தது பட்டயம்" என்று ஒரு வரி போட்டால் குவியல் பாதியாகிவிடும். வேலைக்குப் பட்டயம் தேவையா இல்லையா என்று அங்கே யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

இன்னொன்று, அந்த வேலையே கரைந்துவிட்டது. கடிதம் தட்டச்சு செய்வது, கோப்பு அடுக்குவது, பேரேட்டில் எழுதுவது, பஞ்ச் கார்டைப் பார்த்துச் சம்பளக் கணக்குப் போடுவது எல்லாம் ஓ லெவல் பிள்ளைகள் உள்ளே நுழைய இருந்த வாசல்கள். சம்பளத்தை இன்று மென்பொருள் போடுகிறது, விலைப்பட்டியல் மின்னஞ்சலில் வருகிறது. உள்ளே நுழைந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு அந்த வேலைகளோடு போய்விட்டது.

மகனிடம் இரண்டு விஷயங்களைப் பேசுங்கள். ஒன்று, தேசிய சேவை. படிப்பை நிறுத்தினால் 18 வயதில் அழைப்பு வரும். இரண்டு ஆண்டு முடித்து வெளியே வரும்போது அவன் கையில் இருப்பது இதே ஓ லெவல்தான். அவனுடன் படித்தவர்களில் பலர் பட்டயமும் தேசிய சேவையும் முடித்தவர்களாக அவனோடு போட்டி போடும் காலமும் விரைவில் வந்துவிடும். இன்னொன்று, விநியோக வேலையின் கணக்கு. 2025 ஜனவரி 1 முதல், 1995ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்த தளமேடை ஊழியர்களின் (செயலி வழியாக விநியோகம் போன்ற வேலை செய்வோரின்) வருமானத்திலிருந்து மத்திய சேம நிதிச் சந்தா கட்டாயமாகப் பிடிக்கப்படுகிறது. வருங்காலத்துக்கு அது நல்லது. ஆனால் கூட்டாளிகள் சொல்லும் தொகைக்கும் கைக்கு வருவதற்கும் வித்தியாசம் உண்டு. பெட்ரோல், பழுதுபார்ப்பு, மழை நாட்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஒரு மாதக் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அவனுடைய தேர்ச்சியை வீணாக நினைக்காதீர்கள். ஓ லெவலுக்கு இன்று இருக்கும் உண்மையான மதிப்பு அடுத்த சேர்க்கைக்கான சீட்டு என்பதில்தான், அதிலும் குறிப்பாக ஆங்கிலமும் கணிதமும். பட்டயக் கல்விக்கு ஆங்கிலம், தொடர்புள்ள இரண்டு பாடம், சிறந்த இரண்டு பாடம் என்று ஐந்தைக் கூட்டுவார்கள். மொத்தப் புள்ளி நன்றாக இருந்தும், ஆங்கிலத்தில் குறிப்பிட்ட தரம் இல்லாததால் இடம் போனவர்கள் உண்டு. ஆகவே முதலில் ஆங்கிலத் தரத்தைப் பாருங்கள், பிறகு துறையைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் முடிவு வந்ததும் திறக்கும் கூட்டுச் சேர்க்கை சில நாட்களிலேயே மூடிவிடும். அதைத் தவறவிட்டிருந்தாலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. ஐந்து கல்லூரிகளின் இணையத்தளங்களிலும் தேதியைப் பார்த்து வையுங்கள்.

தமிழில் அவன் நல்ல தரம் வாங்கியிருந்தால் கூடுதலாக ஒரு வாசல் உண்டு. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி தமிழ்க் கல்வியையும் பாலர் பருவக் கல்வியையும் சேர்த்துப் பட்டயமாக நடத்துகிறது. பாலர் பள்ளிகளில் தமிழாசிரியர் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. நம் பிள்ளைகள் போதிய அளவில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதது எங்களுக்கு வருத்தமே.

கேள்வி: எனக்கு 46 வயது. ஓ லெவல். ஒரே கம்பெனியில் 14 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் நிர்வாக உதவியாளராக இருந்தேன். மாதம் 2,600 வெள்ளி. ஆட்குறைப்பு என்று சொல்லி, ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுங்கள், அதுதான் உங்கள் பெயருக்கு நல்லது என்கிறார்கள். விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் பட்டயம் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது? – வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: அம்மா, முதல் வேலை: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா செய்தவர் தாமாக விலகியவர் ஆகிவிடுவார். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் இடத்திலும், வேலை தேடுவோருக்கான அரசாங்க உதவியிலும் அது உங்களுக்கு எதிராக நிற்கும். குறைந்தது பத்து ஊழியர்கள் உள்ள நிறுவனம், ஆட்குறைப்பை ஊழியரிடம் தெரிவித்த ஐந்து வேலை நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரியப்படுத்த வேண்டும். சிலர் ராஜினாமா கேட்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். "ஆட்குறைப்பு" என்ற சொல் இருக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இழப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை என்பது முத்தரப்பு வழிகாட்டி சொல்லும் வழக்கம். உங்கள் 14 ஆண்டுக்குக் குறைந்த கணக்கில் பார்த்தாலும் 28 வாரச் சம்பளம். தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். 2025 ஏப்ரலில் தொடங்கியது. சொந்த விருப்பமின்றி வேலை இழந்து, முந்தைய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை: முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, பிறகு மாதம் 750. காசு தானாக வந்துவிடாது. விண்ணப்பம் அனுப்புவது, ஆலோசகரைப் பார்ப்பது, பயிற்சிக்குப் போவது போன்றவற்றுக்குப் புள்ளி உண்டு. ஒவ்வொரு மாதமும் பத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் தேட ஆரம்பித்தால் சிக்கிக்கொள்வீர்கள்.

மூன்றாவது பயிற்சி. 40 வயதைக் கடந்த குடிமக்கள் கணக்கில் 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி சேர்க்கப்பட்டது. அதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் எல்லாப் படிப்புக்கும் செல்லாது, வேலைவாய்ப்போடு நேரடித் தொடர்புள்ளவை என்று தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும். 40 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பல படிப்புகளின் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்றுக்கொள்வதால், மீதியை இந்த நிதியிலிருந்தே கட்டிவிடலாம். பட்டியலில் உள்ள முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் மாதப் படித்தொகையும் உண்டு: முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, அதிகபட்சம் 3,000 வெள்ளி, வாழ்நாளில் 24 மாதம் வரை. உங்கள் சம்பளத்துக்கு மாதம் 1,300 வெள்ளி வரும். எந்த உதவியை முதலில் எடுப்பது என்பதை ஊழியரணி சிங்கப்பூரின் ஆலோசகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். கடைத்தொகுதியில் மேசை போட்டு ஆள் சேர்ப்பவர் சொன்னார் என்று இரண்டு நாள் சமூக ஊடக வகுப்பு, அரை நாள் செயற்கை நுண்ணறிவு வகுப்பு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் சேருகிறார்கள். சான்றிதழ் நாலாகிறது, வேலை ஒன்றும் அமைவதில்லை. தலைகீழாகச் செய்யுங்கள். மைகேரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் உங்கள் பழைய வேலைக்குப் பக்கத்து வேலைகளுக்கான விளம்பரங்களில் இருபதை எடுத்து வைத்து, அவற்றில் கேட்கும் திறன்களைத் தாளில் எழுதுங்கள். மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் துறையில் அவை ஸீரோ போன்ற கணக்கு மென்பொருள், எக்செலில் பிவட் டேபிள், ஜிஎஸ்டி தாக்கல், இன்வாய்ஸ்நவ் (மின்விலைப்பட்டியல் முறை) ஆகியவையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல், தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் புதிதாகப் பதியும் நிறுவனங்கள் விலைப்பட்டியல் விவரங்களை இன்வாய்ஸ்நவ் வழியாகவே வருமான வரித்துறைக்கு அனுப்பியாக வேண்டும். சின்னக் கம்பெனிகளுக்கு இது தெரிந்த ஆள் தேவை.

ரெஸ்யூமேயில் படிப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மேலே செய்த வேலை, எண்ணிக்கையோடு. "பொது அலுவலக வேலை, தகவல் பதிவு, வாடிக்கையாளர் சேவை" என்று எழுதினால் படிப்பவர் கண் அடுத்த வரிக்கு, அதாவது ஓ லெவலுக்குத் தாவிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "மாதம் சுமார் 350 விலைப்பட்டியல்களைக் கொள்முதல் ஆணையோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தேன். 40 சப்ளையர்களுக்கு மாதக் கடைசிப் பணப்பட்டுவாடாப் பட்டியல் தயாரித்தேன். காலாண்டு ஜிஎஸ்டி கணக்குக்கு ரசீதுகளைத் தொகுத்துக் கொடுத்தேன்." எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்க வேண்டும், நேர்காணலில் அதைத்தான் கிண்டிக் கேட்பார்கள்.

பட்டயம் கேட்கும் விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்றால், வேலை விவரத்தில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததாக இருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். நிறுவனம் பட்டயம் கேட்பது சட்டப்படி குற்றமில்லை. 2025ல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், பாலினம், குடும்பப் பொறுப்பு போன்றவற்றின் பெயரால் ஒதுக்குவதைத் தடுப்பதற்கானது. கல்வித் தகுதி அந்தப் பட்டியலில் இல்லை. முறையிட்டுப் பயனில்லை. சின்ன நிறுவனங்களில் முதலாளியே நேரில் பேசுவார், அங்கே உங்கள் 14 ஆண்டு பேசும்.

கேள்வி: மகள் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பை முடிக்கப் போகிறாள். இது போதுமா, பட்டயத்துக்குப் போகணுமா? வீட்டில் கடன் இருக்கிறது. – தந்தை, பொங்கோல்

பதில்: போகச் சொல்லுங்கள். சம்பள இடைவெளி பெரியது, ஆண்டாக ஆக இன்னும் விரியும். கடன் கவலைக்கு இரண்டு வழி. 30 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமக்கள் தொழில்நுட்பக் கல்விக் கழகப் படிப்புக்குப் பிறகு பட்டயத்தில் சேர்ந்தால், உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி போடுகிறார்கள். பட்டயத்தை முடித்ததும் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் இன்னும் 10,000 வெள்ளி. 2024ல் வந்த திட்டம் இது. சேர்ந்துவிட்டுப் பாதியில் விட்டால் இரண்டாவது தொகை இல்லை. மற்ற வழி வேலை–கல்விப் பட்டயம்: நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை, கூடவே கழகத்தில் வகுப்பு. ஒப்பந்தத்தில் படிப்பு முடிந்த பிறகு எத்தனை காலம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற இரண்டு வரிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கட்டணத்துக்கு சிண்டாவிலும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) விசாரியுங்கள்.

கேள்வி: எனக்கு 34. ஓ லெவலில் மூன்று பாடம்தான் தேறினேன். கிடங்கில் வேலை. இனிமேல் மூன்று வருஷம் முழுநேரமாக உட்கார்ந்து படிக்க முடியாது. நண்பர் செக்யூரிட்டிக்கு வா என்கிறார். – வாசகர், தெம்பனிஸ்

பதில்: தம்பி, பட்டயத்தோடு போட்டி போட முடியாத இடத்தில் உரிமம் உள்ள தொழிலைப் பாருங்கள். உரிமம் இல்லாதவரை அந்த வேலையில் வைக்க முடியாது என்பதால் அதற்கு மதிப்புக் குறைவது கடினம்.

பாதுகாவல் அதில் எளிதில் நுழையக்கூடியது. பயிற்சியை முடித்துக் காவல்துறையின் உரிமப் பிரிவில் உரிமம் பெற வேண்டும். படிப்படியாக உயரும் சம்பள முறைப்படி பாதுகாவல் அதிகாரியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024ல் 2,650 வெள்ளி. ஆண்டுக்கு 220 வெள்ளி கூடி 2026ல் 3,090, 2028ல் 3,530. கிடங்குச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தொகை மிகைநேரத்தையும் உள்ளடக்கிய மொத்தச் சம்பளம். நாளைக்கு 12 மணி நேரம், வாரம் ஆறு நாள் ஷிஃப்ட் என்றால் மாதம் சுமார் 312 மணி. 3,090ஐ வகுத்தால் மணிக்கு 10 வெள்ளிக்கும் கொஞ்சம் கீழே. வேலை மோசம் என்று சொல்லவில்லை. மணிக்கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறோம்.

உங்கள் வயதில் நாங்கள் சிபாரிசு செய்வது மின்வேலை. எரிசக்திச் சந்தை ஆணையம் தரும் உரிமம் மூன்று படி. கீழ்ப்படியான எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரையிலான நிறுவல்களுக்கு. சாதாரண வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 230 வோல்ட்டில் 40 ஆம்பியர் இணைப்பு என்றால் 9.2 கேவிஏதான், ஆகவே வீட்டு வேலைகள் இதற்குள் அடங்கிவிடும். அடுத்த படி டெக்னீஷியன், வடிவமைப்புக்கு 150 கேவிஏ வரை. அதற்கு மேல் பொறியாளர். முதல் படிக்கு ஏற்ற நைட்டெக் தகுதியும் களத்தில் அனுபவமும் கேட்பார்கள். நைட்டெக்கை மாலை நேரத்தில் பகுதி பகுதியாகத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலேயே படிக்கலாம். பலர் படிப்பை மட்டும் முடித்துவிட்டு அனுபவம் இல்லாமல் நின்றுவிடுகிறார்கள். அதனால் படிக்கத் தொடங்கும்போதே உரிமம் உள்ளவரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிடுங்கள். செய்த வேலை, இடம், தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள். அனுபவத்தைக் காட்டச் சொல்லும்போது அது கைகொடுக்கும்.

கேள்வி: நான் புதுக்கோட்டைப் பக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கே கட்டுமானத்தில் ஆறு வருஷமாக வேலை. ஒர்க் பெர்மிட். படிப்புக்கு ஒரு மரியாதையும் இல்லை அண்ணே. ஊரில் ஒரு ஏஜண்ட் டிப்ளமா சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன், எஸ் பாஸ் போடலாம் என்கிறார். – வாசகர், துவாஸ் தங்குவிடுதி

பதில்: தம்பி, அந்த ஆளிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். பொய்ச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு இனி இங்கே வேலைக்கு வரவே முடியாமல் போகும். எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறனாளர் வேலை அனுமதிக்குப் புதிய விண்ணப்பத்தில் குறைந்தபட்சச் சம்பளமே 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. வயது கூடக் கூட அதுவும் கூடும். அந்தச் சம்பளம் தர முதலாளி தயாரில்லை என்றால் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

உங்கள் பிளஸ் டூவை வைத்துக் கட்டுமானத்தில் யாரும் சம்பளம் கூட்டமாட்டார்கள், அது உண்மை. கூட்டுவது திறன் தகுதி, அதாவது ஆர்2 என்ற அடிப்படைத் திறனிலிருந்து ஆர்1 என்ற உயர்திறனுக்குப் போவது. 2024 ஜனவரி 1 முதல் அடிப்படைத் திறனாளருக்கு முதலாளி அரசாங்கத்துக்கு மாதம் 900 வெள்ளி வெளிநாட்டு ஊழியர் வரி கட்டுகிறார், உயர்திறனாளருக்கு 500 வெள்ளி. நீங்கள் ஆர்1 ஆனால் அவருக்கு மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு கேட்கும்போது இந்தக் கணக்கை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். கோர்டிரேட் (கட்டுமானத் தொழிலாளர் பதிவுத் திட்டம்), பல்திறன் பயிற்சி, அனுபவமும் சம்பளமும் சேர்ந்த வழி என்று ஆர்1க்குப் பல பாதைகள் உண்டு. உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஒர்க் பெர்மிட்டில் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற உச்சவரம்பு 2025 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே படித்துத் தேற நேரம் இருக்கிறது. பிளஸ் டூ படித்தவருக்கு அளவுநாடா, வரைபடம், பாதுகாப்புக் குறிப்பு எல்லாம் மற்றவரைவிடச் சீக்கிரம் பிடிபடும். உங்கள் படிப்பு உதவப்போவது அங்கேதான்.

கேள்வி: 2027லிருந்து ஓ லெவல் என்ற பெயரே போய்விடுமாமே? என் மகன் சில பாடம் ஜி2, சில பாடம் ஜி3 எடுக்கிறான். முதலாளிகளுக்கு இது புரியுமா? – தந்தை, சுவா சூ காங்

பதில்: ஆமாம், 2026 தான் கடைசி. 2027 முதல் ஓ லெவல், என் லெவல் எல்லாவற்றுக்கும் பதிலாக சிங்கப்பூர்–கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்ற ஒன்றே வரும். எந்தப் பாடம் எந்த நிலையில் என்று அதிலேயே இருக்கும். ஜி3 பழைய ஓ லெவல், ஜி2 வழக்கநிலை ஏட்டுக்கல்வி, ஜி1 வழக்கநிலைத் தொழில்நுட்பம் என்று கொள்ளலாம். இதை நேராக முதலாளியிடம் கொண்டுபோகும் பிள்ளைகள் குறைவு என்பதால் அந்தக் கவலையை விடுங்கள். பார்க்க வேண்டியது மேற்படிப்புச் சேர்க்கை. 2028 சேர்க்கை முதல், பட்டயக் கல்விக்குக் கணக்கிடும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2 ஆக இருக்கலாம். அந்த ஒன்று ஆங்கிலமாகவோ துறைக்குத் தேவையான பாடமாகவோ இருந்துவிடாமல் உயர்நிலை மூன்றில் பாடம் எடுக்கும்போதே பள்ளியில் பேசிவிடுங்கள்.

கேள்வி: 1994ல் எடுத்த ஓ லெவல் சான்றிதழ் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. புது வேலையில் அசலைக் கேட்கிறார்கள். – வாசகி, அங் மோ கியோ

பதில்: அசல் மறுபடி கிடைக்காது. சிங்கப்பூர்த் தேர்வுகள், மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், நீங்கள் எழுதிய பாடங்களையும் தரங்களையும் உறுதிப்படுத்தும் அறிக்கை தருவார்கள். நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொள்ளும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியிருந்தால் பள்ளியில் இருந்த பெயரைக் குறிப்பிட மறக்காதீர்கள். அறிக்கை கைக்கு வர நாள் பிடிக்கும், அதனால் விண்ணப்பித்த ரசீதை இப்போதே மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.